செக்: அரசனின் பெயரால் வழங்கும் ஒரு சொல்

ஆங்கில அகராதிகளில் சில சிறிய சொற்கள் பக்கம் பக்கமாக இடம் பிடித்துக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 'செட்', 'ரன்' போன்றவை அவ்வகையின. பல திசைகளிலிருந்து ஓடைகள் வந்து சேர ஆறு பெருகுவதுபோல, அன்றாடப் புழக்கத்தில் பொருள்கள் சேர்ந்து சேர்ந்து அவை பெருத்தன. 'செக்' என்னும் சொல்லின் கதை வேறு. அதன் பொருள்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோல் தோன்றினாலும் அவை யாவும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. அந்த ஊற்று ஒரு விளையாட்டுப் பலகை. அதில் எழுந்த ஒரு குரல், எண்ணூறு ஆண்டுகளில் வங்கித் தாளாகவும் துணியின் கோலமாகவும் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கோட்பாடாகவும் உருமாறியது.

நம் புழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வங்கியில் 'செக்' கொடுக்கிறோம். பேருந்தில் 'செக்கர்' ஏறினால் பயணச்சீட்டைத் தேடுகிறோம். மருத்துவமனையில் 'செக்கப்', மாநில எல்லையில் 'செக்போஸ்ட்', விடுதியில் 'செக்-இன்', துணிக்கடையில் 'செக்டு' சட்டை. ஒரு கட்சி மற்றொரு கட்சிக்குச் 'செக்' வைத்ததாக நாளிதழ் எழுதுகிறது. சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்த சிறுமி எதிராளியை நோக்கிச் 'செக்' என்கிறாள். இவர்கள் அனைவரிலும் சொல்லின் மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்பவள் அந்தச் சிறுமிதான். பேச்சில் நாம் உகரம் சேர்த்துச் 'செக்கு' என்று சொல்லும்போது எண்ணெய் ஆட்டும் செக்கு நினைவுக்கு வந்தால், அது வெறும் ஒலி ஒற்றுமை. அது நம் சொந்தச் சொல்; அதற்கும் இதற்கும் உறவில்லை.

*

இந்தியாவில் 'சதுரங்கம்' எனப்பட்ட ஆட்டம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் பாரசீகத்தை வென்றபின் அரபியரின் நாவில் அது 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையின் பெயர் இவ்வாறு ஒலி திரிந்து மேற்கே சென்றது. ஆனால் ஐரோப்பா அந்தப் பெயரைப் பொதுவில் ஏற்கவில்லை. ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் மட்டுமே அரபுப் பெயரின் திரிபை வைத்துக்கொண்டனர். மற்றவர்கள், ஆட்டத்தின் நடுவே மீண்டும் மீண்டும் கேட்கும் ஒரு குரலையே ஆட்டத்தின் பெயராக்கினர்.

அந்தக் குரல் 'ஷா'. பாரசீகத்தில் அரசன் என்று பொருள். பழம்பாரசீகக் கல்வெட்டுகளில் வரும் 'க்ஷாயதிய' என்ற சொல்லின் தேய்வு இது; வடமொழியின் 'க்ஷத்ர', 'க்ஷத்திரிய' என்னும் சொற்களோடு இதற்கு வேர் உறவு உண்டு. எதிராளியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது ஆடுபவர் வாய்விட்டு 'ஷா' என்று சொல்வது வழக்கம். அதாவது, "உன் அரசன் அபாயத்தில் இருக்கிறான், பார்த்துக்கொள்." ஒளிந்திருந்து அரசனை வீழ்த்துதல் அவ்வாட்டத்தின் மரபில் இல்லை, எச்சரித்த பிறகே அடுத்த காய் நகரும். தப்ப வழியில்லை என்னும் நிலையில் 'ஷா மாத்'. அரசன் இறந்தான் என்று அரபு வழியில் இதைப் பொருள் கொள்வாரும் உண்டு. செயலற்று நின்றான் என்று பாரசீக வழியில் கொள்வாரும் உண்டு. ஆட்டத்தின் இயல்புக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. சதுரங்கத்தில் அரசனை யாரும் கொல்வதில்லை. அவன் அசையமுடியாமல் நிற்பதோடு ஆட்டம் முடிகிறது.

ஆயிரமாவது ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்த ஆட்டம் ஐரோப்பாவில் பரவியிருந்தது. இடைக்கால இலத்தீனில் 'ஷா' என்பது 'ஸ்காக்குஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆயிற்று. ஆங்கிலம் அதன் தலையெழுத்தை உதிர்த்துச் 'செக்' என்று எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே ஆங்கிலத்தில் 'செஸ்' ஆயிற்று. ஆகவே 'செஸ்' என்றால் 'அரசர்கள்'. 'செக்' என்றால் 'அரசன்'. ஆட்டத்தின் பெயரும் அதன் எச்சரிக்கைக் குரலும் ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும். இன்று ஆங்கிலம் பேசுவோரில் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

*

அரசனின் பெயர் விளையாட்டுப் பலகையிலிருந்து அரசனின் கருவூலத்துக்குப் போன கதை பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிகழ்கிறது.

நார்மானிய அரசன் முதலாம் ஹென்றியின் ஆட்சியில், 1110ஆம் ஆண்டை ஒட்டி, 'எக்ஸ்செக்கர்' என்னும் கணக்கு மன்றம் முதன்முதலாகப் பதிவுகளில் தென்படுகிறது. சாலிஸ்பரியின் ஆயர் ரோஜர் அதை நிலைநிறுத்தியவர்களில் தலையானவர். இலத்தீனில் அதன் பெயர் 'ஸ்காக்காரியம்', அதாவது சதுரங்கப் பலகை. பழைய பிரெஞ்சில் அது 'எஷெக்கியே'. பின்வந்த எழுத்தர்கள் அச்சொல்லின் தொடக்க ஒலியை 'எக்ஸ்' என்னும் இலத்தீன் முன்னொட்டாகத் தவறாகக் கொண்டதால் இல்லாத ஓர் எழுத்து உள்ளே நுழைந்தது. அந்தப் பிழை இன்றும் பிரித்தானிய நிதியமைச்சரின் பதவிப் பெயரில் வாழ்கிறது. அவர் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் சதுரங்கப் பலகையின் அதிபர்.

ஒரு நாட்டின் நிதித்துறை ஏன் விளையாட்டுப் பலகையின் பெயரைத் தாங்க வேண்டும்? இதற்கு விடை சொல்ல நமக்கு ஓர் அரிய நூல் கிடைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் அரச கருவூலத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களில் இந்த மன்றத்தைப் பற்றி இலத்தீனில் ஓர் உரையாடல் எழுதினார். தேம்ஸ் ஆற்றங்கரையில் ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து பேசுவதாக அமைந்த நூல் அது. ஓர் அரசு அலுவலகத்தின் நடைமுறையை இவ்வளவு நுட்பமாக விவரிக்கும் நூல் அக்கால ஐரோப்பாவில் வேறு அரிது.

அந்நூல் காட்டும் காட்சி இது. ஏறத்தாழ பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட மேசை. மேலே வைப்பவை விழுந்துவிடாதபடி நான்கு விரல் உயர விளிம்பு. மேசைமேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பைக் குறிக்கும்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் எனப் போகும். ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரிலும் செப்டம்பர் இறுதியில் வரும் மிக்கேல் திருநாளிலும், மாவட்டங்களிலிருந்து ஷெரீஃப்கள் வருவார்கள். அரசனுக்கு வரவேண்டிய வருமானத்தைத் திரட்டும் பொறுப்பு அவர்களுடையது. மேசையின் ஒருபுறம் ஷெரீஃப், மறுபுறம் கருவூலத் தலைவர். செலுத்த வேண்டிய தொகைக்குக் காசுகள் ஒரு வரிசையில் அடுக்கப்படும். செலுத்திய தொகைக்கு அதன் கீழே மற்றொரு வரிசை. மேலிருப்பதிலிருந்து கீழிருப்பதைக் கழித்தால் மீதி கண்முன்னே கிடக்கும்.

ஏன் இவ்வளவு பாடு? அன்றைய இங்கிலாந்து உரோம எண்களில் எழுதியது. சுழியும் இடமதிப்பும் அங்கே அன்றாடக் கணக்கில் வழங்கவில்லை. உரோம எண்களை எழுதி வைக்கலாம். எழுதியபடியே கூட்டிக் கழிப்பது கடினம். துணியின் பத்திகள் இடமதிப்பின் வேலையைச் செய்தன. காலியான பத்தியே சுழியானது. இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ஷெரீஃப்களில் பலருக்கு இலத்தீன் படிக்கத் தெரியாது. ஆயினும் மேசைமேல் காசு நகர்வதை எவரும் பார்க்கலாம். சுற்றி அமர்ந்திருப்போர் அனைவரும் சாட்சி. எழுத்தறியாதவனையும் ஏமாற்ற இயலாத, எழுத்தறிந்தவனும் ஏமாற்ற இயலாத ஓர் ஏற்பாடு அது.

பெயர்க்காரணத்தை மாணவர் கேட்கும்போது ஆசிரியர் சொல்லும் விடையின் சாரத்தை நாம் இப்படிக் கூறலாம். பலகையின் தோற்றம் ஒரு காரணம். சதுரங்கத்தில் காய்கள் தத்தம் தகுதிக்கேற்ப வரிசையில் நின்று விதிப்படி நகர்வதுபோல இங்கும் அலுவலர்கள் அமர்ந்து விதிப்படி இயங்குகிறார்கள் என்பது மற்றொன்று. மூன்றாவதாக, இதுவும் ஒரு போர். கருவூலத் தலைவருக்கும் ஷெரீஃபுக்கும் இடையிலான போர். மற்றவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள்.

இந்த ஒப்புமையில் ஒன்று நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. அரசன் எங்கே? சதுரங்கத்தில் அபாயத்துக்கு உள்ளாகிறவன் அரசன். இந்த மேசையிலோ அவன் ஆட்டத்தில் இல்லை. அவன் பெயரால் பிறர் ஆடுகிறார்கள்; 'செக்' வைக்கப்படுபவன் அவனுடைய அலுவலன். அரசனுக்கு எதிராக எழுந்த குரல், அரசனின் கையில் அகப்பட்ட கருவியாகிவிட்டது. சொல்லின் முதல் திருப்பம் இது.

*

பணம் செலுத்தியதற்குச் சான்றாக ஷெரீஃபிடம் ஒரு மரத்துண்டு கொடுக்கப்பட்டது. 'டாலி' எனப்பட்ட அந்த வெட்டுக்கோல் பெரும்பாலும் ஹேசல் மரத்தால் ஆனது. தொகைக்கேற்ப அதில் வெட்டுகள் இடப்பட்டன. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம். நூறுக்குக் கட்டைவிரல் அகலம். இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுண்டுக்கு விளைந்த வாற்கோதுமை மணியின் பருமன். பென்னிக்கு ஒரு கீறல் மட்டும். வெட்டியபின் கோலை நீளவாக்கில் பிளப்பார்கள். நீண்ட பாதி 'ஸ்டாக்', பணம் செலுத்தியவரிடம் இருக்கும். குறுகிய பாதி 'ஃபாயில்', கருவூலத்தில் தங்கும். ஐயம் எழுந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரே மரத்தின் நார் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வெட்டுகள் தொடர வேண்டும். பொய்யாக்குவது ஏறக்குறைய இயலாது.

இந்த முறை எளிதில் சாகவில்லை. அதை நிறுத்த 1782இல் சட்டம் இயற்றப்பட்டது. பழைய பதவியாளர்களின் உரிமை முடியும்வரை காத்திருந்ததால் 1826இல்தான் நடைமுறைக்கு வந்தது. குவிந்து கிடந்த பழைய கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் அடித்தள உலைகளில் இட்டு எரித்தார்கள். உலை அளவுக்கு மீறிச் சூடேறி, அன்றிரவு நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போயிற்று. நிர்வாகச் சீர்திருத்தம் பற்றி 1855இல் ஆற்றிய உரையில் சார்லஸ் டிக்கன்ஸ் இந்நிகழ்ச்சியைக் கடுமையாக எள்ளி நகையாடினார். அதே 1830களில் எக்ஸ்செக்கரின் பழைய வரவு அலுவலகமும் கலைக்கப்பட்டது.

ஆனால் பிளந்த கோலின் தத்துவம் எரியவில்லை. அது ஏற்கெனவே தாளுக்கு இடம் மாறியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் வணிகர்கள் பொற்கொல்லர்-வங்கியாளர்களிடம் பணத்தை ஒப்படைத்து, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று சீட்டு எழுதி அனுப்பத் தொடங்கினர். 1659 எனத் தேதியிட்ட அத்தகைய சீட்டொன்று இன்றும் எஞ்சியுள்ளது. அப்போது அதன் பெயர் 'செக்' அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் கையில் எஞ்சும் துண்டுக்கே 'செக்' என்று பெயர். மோசடியைத் தடுப்பது, சரிபார்க்க உதவுவது அதன் வேலை. பிறகு அப்பெயர் எஞ்சும் துண்டைவிட்டு, கிழித்துக் கொடுக்கும் சீட்டுக்கு ஏறிவிட்டது. எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் நினைவில் பிரித்தானியர் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டனர். அமெரிக்கர் பழைய வடிவத்தோடு நின்றுவிட்டனர்.

எஞ்சும் துண்டை ஆங்கிலத்தில் 'கவுண்டர்ஃபாயில்' என்பர். கருவூலத்தில் தங்கிய பாதிக்கோலின் பெயர் அதில் உயிரோடு இருக்கிறது. தமிழில் நாம் அதை 'அடிக்கட்டை' என்கிறோம். மரத்தை வெட்டியபின் நிலத்தில் நிற்கும் அடிப்பாகத்துக்கான சொல் அது. ஆங்கிலத்தின் 'ஸ்டாக்' என்பதற்கும் மூலப்பொருள் மரத்தின் அடிக்கட்டையே. நம் முன்னோர் எவரும் வெஸ்ட்மின்ஸ்டரின் வெட்டுக்கோலைப் பார்த்துப் பெயரிட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் ஒரு தாளைக் கிழிக்கும்போது இரு மொழிகளும் மரத்தையே நினைத்தன. 'காசோலை' என்ற நம் சொல்லிலும் ஓலை இருக்கிறது.

*

வினைச்சொல்லாக 'செக்' நடந்த பாதை வேறொன்று. தாக்குதலுக்கு உள்ளான அரசனைக் காப்பாற்றாமல் வேறெந்தக் காயையும் நகர்த்த முடியாது. எல்லாத் திட்டங்களும் அந்தக் கணத்தில் நின்றுவிடுகின்றன. இதிலிருந்து 'திடீர்த் தடை', 'இடறல்', 'கண்டனம்' என்ற பொருள்கள் பதினான்காம் நூற்றாண்டிலேயே முளைத்தன. துரத்திய இரையைவிட்டு வேறு பறவையின் பின்னே திரும்பிவிடும் வல்லூறைக் குறித்தும், மோப்பம் இழந்து நின்றுவிடும் வேட்டைநாயைக் குறித்தும் அச்சொல் வழங்கியது. தடுத்து நிறுத்துதல், அடக்கி வைத்தல் ஆகிய பொருள்கள் தொடர்ந்தன. சரிபார்த்தல் என்னும் பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாகிறது. தடுப்பது எப்படிச் சரிபார்ப்பதாயிற்று? ஒரு கணக்கை மற்றொரு கணக்கோடு வைத்துப் பார்ப்பவன் பொய்க்கணக்கை வழியில் நிறுத்துகிறான். பார்ப்பதே தடுப்பதாகிவிடுகிறது.

இதே தருக்கத்தில் பிறந்த இன்னொரு சொல் 'கண்ட்ரோல்'. 'எதிர்ச்சுருள்' என்பது அதன் மூலம். ஒருவர் வைத்திருக்கும் கணக்குச் சுருளுக்கு எதிராக மற்றொருவர் வைத்திருக்கும் படிச்சுருள். அடக்கியாளும் ஆற்றல் என்று இன்று நாம் பொருள்கொள்ளும் சொல், ஒரு காலத்தில் கணக்கின் நகலாக இருந்தது. தமிழிலும் இத்தகைய பிணைப்பு உண்டு. 'தணிக்கை' என்று கணக்காய்வையும் சொல்கிறோம். திரைப்படத்தில் காட்சிகளை வெட்டுவதையும் சொல்கிறோம். ஆராய்வதும் அடக்குவதும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பதை மொழிகள் அறிந்தே வைத்திருக்கின்றன.

இனி, அரசனைப் பற்றிய கதைக்குத் திரும்புவோம். பதினேழாம் நூற்றாண்டில் முதலாம் சார்லஸ் 1629 முதல் பதினோராண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். பணத்துக்காகக் 'கப்பல் வரி'யை உள்நாட்டு மாவட்டங்களிலும் விதித்தார். ஜான் ஹாம்ப்டன் என்பவர் அதைச் செலுத்த மறுத்தார். 1637இல் வழக்கு நடந்த இடத்தின் பெயர் எக்ஸ்செக்கர் மன்றம். பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் அரசனுக்குச் சார்பாகவும் ஐவர் எதிராகவும் நின்றனர். அரசன் வென்றார், ஆனால் அந்த ஐந்து குரல்கள் நாடெங்கும் கேட்டன. உள்நாட்டுப் போரின் முடிவில், 1649இல், அவர் தலை வெட்டப்பட்டது. சதுரங்கம் தன் அரசனுக்கு ஒருபோதும் செய்யாததை வரலாறு செய்தது.

அவர் மகன் இரண்டாம் சார்லஸ் வேறுவிதமாக நடந்தார். 1672 சனவரியில், கடன் கொடுத்திருந்த பொற்கொல்லர்-வங்கியாளர்களுக்குக் கருவூலம் திருப்பித் தரவேண்டிய பணத்தை நிறுத்திவைத்தார். 'எக்ஸ்செக்கரின் நிறுத்தம்' என்று வரலாறு அதை அழைக்கிறது. அரசன் வாக்குத் தவறினால் அவனுக்குச் 'செக்' வைப்பவர் எவருமில்லை என்பதை அது காட்டியது. 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி விதிக்க முடியாது என்று எழுதி வைத்தது. 1866இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட சட்டம் ஒரு கட்டுப்பாட்டாளர்-தலைமைத் தணிக்கையாளர் பதவியை உருவாக்கியது. அரசாங்கம் செலவழித்ததை நாடாளுமன்றத்தின் சார்பில் ஆராய்வது அவர் பணி. கறுப்புத் துணியின் முன் ஷெரீஃப் அமர்ந்திருந்த இடத்தில் இப்போது அரசே வந்து அமர்ந்தது.

கடலுக்கு அப்பால், அதிகாரத்தை அதிகாரமே தடுக்கும்படி ஏற்பாடு வேண்டும் என்று 1748இல் மாண்டெஸ்கியூ எழுதியதை அமெரிக்கர்கள் ஆழ்ந்து படித்திருந்தனர். 1787இல் அவர்கள் வகுத்த அரசியல் சாசனத்தின் தத்துவத்துக்கு 'செக்குகளும் சமன்களும்' என்ற தொடர் நிலைத்தது. மன்னனே இல்லாத நாடு, ஆள்பவரைக் கட்டுப்படுத்தும் கோட்பாட்டுக்கு மன்னனின் பெயரையே இட்டது. சொல்லின் இரண்டாவது திருப்பம் இது: 'அரசன்' என்று பொருள்பட்ட சொல், அரசனுக்குப் போடும் கடிவாளத்தின் பெயராயிற்று. அந்த மரபு நம் அரசியல் சாசனத்துக்கும் வந்தது. அதன் 148ஆம் பிரிவு இந்தியாவின் தலைமைத் தணிக்கையாளரைப் பற்றியது. அரசியல் நிர்ணய சபையில் 1949இல் பேசிய அம்பேத்கர், சாசனத்தின் மிக முக்கியமான அலுவலர் அநேகமாக இவரே என்று கருத்துரைத்தார்.

*

பலகையின் தோற்றம் மட்டும் தனியாகப் பிரிந்துபோய் வேறொரு குடும்பத்தை உண்டாக்கியது. கட்டம் கட்டமாக அமைந்த எதுவும் 'செக்' ஆயிற்று. அந்தச் சொல்லோடு நம் கடற்கரையின் பெயரும் உலகெங்கும் சென்றது. 'மெட்ராஸ் செக்' எனப்படும் கட்டம்போட்ட பருத்தித் துணி சோழமண்டலக் கரையிலிருந்து பல நூற்றாண்டுகளாக ஏற்றுமதியானது. நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்கள் அதைப் பெரிதும் மதித்து, சடங்குகளில் அணிகிறார்கள். நெய்த துணியின் சில இழைகளை நுணுக்கமாக அறுத்து உருவி, கட்டங்களுக்குள் தமக்குரிய புதுக்கோலம் காண்கிறார்கள். 1960களின் அமெரிக்காவில் இதே துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடி நிறம் கலக்கும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்டது. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டினார்கள். சதுரங்கம் பிறந்த நாட்டுக்கு அதன் பலகை, பாலத்தின் உருவில் வந்து நின்றது.

அமெரிக்காவில் இச்சொல் இன்னும் சில கிளைகள் விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இரயில் நிலையங்களில் பெட்டியை ஒப்படைத்தால் எண் பொறித்த பித்தளை வில்லை தருவார்கள். அதன் இணை வில்லை பெட்டியில் தொங்கும். அந்த வில்லையின் பெயர் 'செக்'. பிளந்த வெட்டுக்கோலின் பேரன் என்றே அதைச் சொல்லலாம். விடைத்தாளில் ஆசிரியர் இடும் சரிக்குறியும், உணவகத்தில் மேசைக்கு வரும் கட்டணச் சீட்டும் அங்கே 'செக்'தான்.

*

தமிழ்நாட்டில் இச்சொல்லின் இரு கிளைகள் மீண்டும் ஒன்றாகப் பின்னிக்கொண்ட ஓர் இடம் உண்டு. அகராதிகளில் அதைக் காண முடியாது. உள்ளூர்ச் செய்திகளில் அடிக்கடி காணலாம். அது 'செக் பவர்'.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நடந்துவரும் கிராம ஊராட்சிகளில், ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்ப உரிமையைத்தான் கிராமத்து மக்கள் 'செக் பவர்' என்கிறார்கள். முறைகேடு புகார் எழுந்து மாவட்ட ஆட்சியர் அதை நிறுத்திவைத்தால் 'செக் பவர் பறிப்பு' என்று செய்தி வருகிறது. சொல்பவர் மனத்தில் இருப்பது காசோலை. ஆனால் ஏற்பாட்டின் உயிர், மற்றச் 'செக்'கில் இருக்கிறது: ஒருவரை மற்றொருவர் தடுக்கவும் சரிபார்க்கவும் வேண்டும் என்பது. கூட்டுக் கையொப்பம் பிளந்த கோலின் இரு பாதிகளைப் போன்றது. இரண்டும் பொருந்தினால்தான் பணம் நகரும். ஆங்கிலத்தில் இரு எழுத்துக்கூட்டலாகப் பிரிந்துபோன சொல்லைத் தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிட்டது; தற்செயலாக உண்மையையும் சொல்லிவிட்டது.

அந்த ஏற்பாடு எப்போதும் நோக்கத்தின்படி நடக்கிறதா? தனித்தொகுதிகளில் வென்ற தலித் தலைவர்கள், பெண் தலைவர்கள் எனப் பலர், துணைத் தலைவர் கையொப்பமிட மறுப்பதால் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும்கூடப் பணம் எடுக்க முடியவில்லை என்று வெளிப்படையாக முறையிட்டிருக்கிறார்கள். ஊராட்சியின் தலைமை நாற்காலி சட்டப்படி ஒருவருக்குக் கிடைக்கிறது. சாதியின் அதிகாரம் மற்றக் கையொப்பத்தில் அமர்ந்துகொள்கிறது. கண்காணிக்க வேண்டிய கை முடக்கும் கையாகிறது. மறுபுறம், இரு கையொப்பங்களும் கேள்வியின்றி ஒத்துப்போய் நிதி கரைந்த கதைகளும் உண்டு. ஆகவே இரண்டாவது கையொப்பத்தை எடுத்துவிட்டால் போதும் என்றும் நம்மால் எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை.

இங்கேதான் சொல்லின் பழைய வரலாறு நமக்கு உதவுகிறது. 'ஷா' என்பது வாய்விட்டுச் சொன்ன சொல். தாக்குபவன் காரணத்தைப் பலகையில் காட்டினான். எதிராளிக்கு விடையளிக்க ஒரு நகர்த்தல் கிடைத்தது. எக்ஸ்செக்கரின் மேசையிலும் கணக்கு அனைவர் கண்முன்னே நடந்தது. படிக்கத் தெரியாத ஷெரீஃபும் தன்மேல் சாட்டப்பட்ட தொகையைக் காசுகளாகப் பார்த்தான். வெட்டுக்கோலின் ஒரு பாதி அவன் கையிலேயே இருந்தது. கருவூலமும் அவனை ஏமாற்ற முடியாது. சொல்லாமல், காரணம் காட்டாமல், கையொப்பத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொள்வது இந்த மரபில் சேராது. 'செக்' என்றால் வெறும் தடை என்று மட்டும் நாம் பொருள் கொண்டால், எவர் வேண்டுமானாலும் எவரையும் முடக்க அந்தச் சொல் துணைபோகும். அதன் முழுப்பொருளில் மூன்று அடங்கியிருக்கின்றன: தடுப்பது, தடுப்பதை அறிவிப்பது, தடுக்கப்பட்டவர் விடையளிக்க இடம் விடுவது.

காசோலைத் தாள் தேய்ந்துவருகிறது. 2018க்குள் அதை முற்றிலும் கைவிடுவது என்று பிரித்தானிய வங்கிகளின் குழு 2009இல் முடிவெடுத்து, எதிர்ப்பு வலுக்கவே 2011இல் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. சென்னையில் 2011 முதல் காசோலைகள் தாளாகப் பயணிப்பதை விடுத்து ஒளிப்படங்களாகப் பயணிக்கின்றன. ஊராட்சிகளிலும் பணம் இணையவழி செல்லத் தொடங்கிவிட்டது. இருந்தும் கிராமத்தில் 'செக் பவர்' என்ற பேச்சு மாறவில்லை. தாள் மறைந்தாலும் அச்சொல் இருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் பொதுப்பணத்தைத் தொடும்போது அருகில் இன்னொருவர் நிற்க வேண்டும் என்ற தேவை இருக்கும்வரை அதற்கு வேலை உண்டு. நிற்பவர் வாய் திறந்து பேச வேண்டும் என்பதையும், அவர் பேசுவது அனைவர் காதிலும் விழ வேண்டும் என்பதையும் நம் கிராமசபைகளில் நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.